பார்க்கின்சன்னு டாக்டர் சொல்லிட்டாங்களா? முதல்ல கடிகாரத்தைப் பழகுங்க

எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுறவரு. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் தோட்டத்துல விடியுறதுக்கு முன்னால தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்கினா எட்டு மணிக்குள்ள முந்நூறு மரம் வெட்டி முடிச்சு, ஒரு சாயா குடிச்சிட்டு பால் எடுக்க திரும்ப இறங்குவாரு. அப்புறம் ஒரு வருஷம் அதே முந்நூறு மரத்துக்கு ஒன்பது மணி ஆச்சு, பிறகு பத்து ஆச்சு, கத்தி பட்டையில ஆழமா இறங்கி மரத்துல காயம் விழ ஆரம்பிச்சுது, முதலாளி சத்தம் போட்டாரு, நாங்களும் வயசாகுதுன்னு விட்டுட்டோம். அவர் ரப்பர் ஷீட் கணக்கு எழுதின நோட்டு இப்பவும் என்கிட்ட இருக்கு. முதல் பக்கத்துல எழுத்து நல்லா பெருசா இருக்கும், கடைசி பக்கங்கள்ல ஒரு வரி ஆரம்பிக்கும்போது ஒரு அளவு, முடியும்போது எறும்பு மாதிரி சிறுத்துப் போயிருக்கும். அந்த நோட்டை அப்பவே ஒரு நியூரோ டாக்டர்கிட்ட காட்டியிருந்தா எங்களுக்கு ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

இப்ப ஒன்பது வருஷம் ஆச்சு. அம்மாவும் நானும்தான் பார்த்துக்குறோம், அண்ணன் துபாய்ல. இந்த வாரம்தான் உங்க வீட்டுல இந்தப் பேரைக் கேட்டிருக்கீங்கன்னா உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், எங்களுக்கு அன்னைக்கு யாரும் இப்படி உக்காந்து சொல்லித் தரல. மாத்திரை அளவு மட்டும் நான் சொல்ல மாட்டேன், அது ஆளுக்கு ஆள் மாறும், உங்க டாக்டர்தான் சொல்லணும்.

முதல்ல வீட்டுல எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்க

மூளையோட நடுவுல கறுப்பா ஒரு சின்ன இடம் இருக்கு, அங்க உள்ள செல்லுங்கதான் டோபமைன்னு ஒரு ரசாயனத்தை உண்டாக்குது. நாம நினைச்ச உடனே கை கால் தன்னால அசையுறதுக்கு அது வேணும். அந்த செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போறதுதான் பார்க்கின்சன். கை நடுங்குறது வெளியே தெரியுற நேரத்துல அதுல பெரும்பகுதி ஏற்கனவே போயிருக்கும், அதனால மழையில நனைஞ்சதால வந்துச்சு, அன்னைக்கு நடந்த சண்டையால வந்துச்சுன்னு யாரையும் குத்தம் சொல்லாதீங்க. 1817ல லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்னு ஒரு டாக்டர் ஆறு பேரைக் கவனிச்சு இதைப் பத்தி எழுதி வச்சாரு, அதுல சில பேரை அவர் தெருவுல நடந்து போகும்போது பார்த்ததுதான், அந்த அளவுக்கு நடையிலேயே தெரியுற நோய் இது. தொட்டா ஒட்டாது. பெரும்பாலும் பரம்பரையா வர்றதும் இல்ல. செய்வினையும் இல்ல.

நாலு விஷயம் பாருங்க. கை சும்மா மடியில இருக்கும்போது நடுங்குறது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுற மாதிரி இருக்கும், ஒரு டம்ளரைப் பிடிச்சா அந்த நடுக்கம் குறையும், தூங்கினா இருக்காது. ரெண்டாவது உடம்பு இறுகுறது. மூணாவது எல்லா வேலையும் மெதுவாகுறது, உண்மையில இதுதான் முக்கியமான அடையாளம், நடுக்கமே இல்லாம பார்க்கின்சன் வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. நாலாவது தடுமாற்றம், விழுறது, இது கொஞ்ச வருஷம் கழிச்சுத்தான் வரும். பொதுவா ஒரு பக்கம்தான் முதல்ல ஆரம்பிக்கும், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாம உடம்போட ஒட்டியே இருக்கும்.

ஆனா இதுக்கெல்லாம் பல வருஷம் முன்னாலயே சிலது வந்திருக்கும், பின்னால யோசிச்சுப் பார்த்தாதான் புரியும். வீட்டுக்குள்ள சக்கைப்பழம், அதான் பலாப்பழம், இருந்தா தெருவுக்கே மணக்கும், அப்பா ஒருநாள் அது பக்கத்துலயே உக்காந்துகிட்டு சக்கை எங்கன்னு கேட்டாரு. மலச்சிக்கல் தீரவே இல்ல. ராத்திரி தூக்கத்துல கத்துவாரு, யாரையோ அடிக்கிற மாதிரி கையை வீசுவாரு, ஒரு தடவை அம்மாவுக்கு கண்ணுக்குக் கீழ வீங்கிப் போச்சு, கெட்ட கனவுன்னு திருநீறு பூசிவிட்டோம். கனவுல நடக்குறதை உடம்பும் சேர்ந்து செய்யுற ஒரு தூக்கக் கோளாறு அது, டாக்டர்கிட்ட சொன்னா அதுக்கும் மருந்து இருக்கு.

முகத்தைப் பத்தி தனியா சொல்லணும். நம்ம பக்கத்துல ஒருபாடு வீட்டுல போப் இரண்டாம் ஜான் பால் படம் மாட்டியிருக்கும், 1986ல அவர் திருவனந்தபுரம் வந்தப்போ போய்ப் பார்த்தவங்க இன்னும் இருக்காங்க. கடைசி வருஷங்கள்ல அவர் குனிஞ்சு, முகம் அசையாம, கை நடுங்கி இருந்தது ஞாபகம் இருக்கும், இதே நோய்தான். முகத்துல உள்ள தசை இறுகிப்போறதால சிரிப்பு உள்ளேயே நின்னுடும். ஒரு கல்யாண வீட்டுல அப்பா சிரிக்கலன்னு அத்தை ஒரு வருஷம் பேசாம இருந்தாங்க. சொந்தக்காரங்களுக்கு முன்னாடியே சொல்லி வையுங்க, முகத்தைப் பார்த்து கோவமா இருக்காருன்னு முடிவு பண்ணாதீங்க, கையைப் பிடிச்சுக் கேளுங்கன்னு.

எந்த டாக்டர்

நியூரோ டாக்டர், நரம்பியல். எலும்பு டாக்டர் இல்ல. அப்பாவுக்கு முதல்ல வந்தது வலது தோள்வலி, ஒரு இடத்துல தோள்பட்டை இறுகிப்போச்சுன்னு எட்டு மாசம் ஊசியும் கரண்ட் வைத்தியமும் கொடுத்தாங்க. அடுத்து தலைசுத்துன்னு போன இடத்துல சின்னாரிசின் மாத்திரை தந்தாங்க, அதை நிறுத்தாம மாசக்கணக்கா மெடிக்கல்ல வாங்கிப் போட்டோம், நடை ரொம்ப மோசமாச்சு. தலைசுத்துக்கு உள்ள சின்னாரிசின், புளூனாரிசின், வாந்திக்கு உள்ள மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், மனநோய்க்கு உள்ள ஹாலோபெரிடால், இதெல்லாம் டோபமைன் வேலையைத் தடுக்கும். இந்த மாத்திரைகளாலயே பார்க்கின்சன் மாதிரி வர்றதும் உண்டு, டாக்டர் சொல்லி நிறுத்தினா பல பேருக்கு சரியாகும். அதனால முதல் தடவை போகும்போது கடந்த ஒரு வருஷத்துல போட்ட எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டுக் கொண்டுபோங்க.

ரத்த டெஸ்ட்ல இது தெரியாது. எம்ஆர்ஐ எடுக்குறது வேற நோய் இல்லன்னு பார்க்கத்தான், எம்ஆர்ஐ நார்மல்னு வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் கிடையாது. டாக்டர் கையை மடக்கி நீட்டச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, பின்னால இருந்து லேசா இழுத்துப் பார்த்துத்தான் சொல்லுவாங்க. பழைய கையெழுத்து, பழைய கல்யாண வீடியோவுல நடக்குறது, ராத்திரி தூக்கத்துல செய்யுறது, எது இருந்தாலும் போன்ல எடுத்துட்டுப் போய் காட்டுங்க.

நாகர்கோவில் சுத்தி உள்ளவங்களுக்கு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில இந்த அசைவு சம்பந்தப்பட்ட நோய்களுக்குன்னே தனிப்பிரிவு இருக்கு, நம்ம ஜில்லாவுல இருந்து நிறைய பேர் அங்கதான் போறாங்க. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், இடையில காத்திருப்பு, அதனால மாத்திரையும் தண்ணியும் கையிலேயே இருக்கணும், டிக்கியில உள்ள பைக்குள்ள இல்ல.

இனி கடிகாரம்

இதுதான் நான் சொல்ல வந்ததுலேயே பெரிய விஷயம்.

இந்த நோய்க்கு முக்கியமான மருந்து லெவோடோபா, கூட கார்பிடோபா சேர்ந்து வரும், நம்ம ஊர் மெடிக்கல்ல சின்டோபான்னு கேட்டா தெரியும். இந்த லெவோடோபா மூளைக்குள்ள போய் டோபமைனா மாறும். நோயைக் குணமாக்காது, ஆனா கை கால் அசையும். ஆரம்பத்துல ஒரு மாத்திரை போட்டா நாள் பூரா ஓடுற மாதிரி இருக்கும், ஏன்னா மூளையில இன்னும் கொஞ்சம் சேமிப்பு இருக்கு. அஞ்சாறு வருஷம் கழிஞ்சா அந்த சேமிப்பு தீரும், அப்புறம் மாத்திரை ரத்தத்துல இருக்குற மூணு நாலு மணி நேரம்தான் ஆள் ஓடும், அது தீர்ந்ததும் வண்டி பெட்ரோல் தீர்ந்த மாதிரி நிக்கும்.

இதை வீட்டுல உள்ளவங்க புரிஞ்சுக்கலன்னா என்ன நடக்கும்னு சொல்றேன். பன்னிரண்டு மணிக்கு அப்பா தன்னால நடந்து போய் கிணத்தடியில கால் கழுவிட்டு வருவாரு. ரெண்டரை மணிக்கு அதே அப்பா நாற்காலியில இருந்து எழும்ப முடியாம உக்காந்திருப்பாரு. இதைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமா, "கொஞ்ச நேரத்துக்கு முன்ன நல்லாத்தானே நடந்தாரு, சும்மா நடிக்காரு"ன்னு சொன்னாரு, ஒருநாள் அம்மாவும் அசதியில அதையே சொல்லிட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, கண்ணுல மட்டும் தண்ணி நின்னுச்சு. ராத்திரி என்கிட்ட ரொம்ப சின்ன குரல்ல, "மக்களே, நான் எழும்பணும்னுதான் நினைக்கேன், கால் கேட்க மாட்டேங்கு"ன்னு சொன்னாரு. அன்னைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினேன்.

நீங்களும் வாங்குங்க. டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னால ஒரு வாரம் எழுதுங்க. எங்க நோட்டுல ஒருநாள் இப்படி இருக்கும்: 7.00 மாத்திரை. 7.40 கை இளகுச்சு, தானா பல் தேய்ச்சாரு. 10.15 மெதுவாகுது, காலு இழுக்குது. 11.00 மாத்திரை. 11.50 நல்லா இருக்கு. 12.30 தலையும் தோளும் தன்னால ஆடுது, இருபது நிமிஷம். 2.10 முடியல. 3.00 மாத்திரை. இவ்வளவுதான், பெரிய கதை எழுத வேண்டாம். இதைப் பார்த்த உடனே டாக்டருக்கு எந்த வேளை மாத்திரை சீக்கிரம் தீருது, எந்த வேளை அதிகமாகி உடம்பு ஆடுதுன்னு தெரிஞ்சுரும். அந்த ஆட்டம் நடுக்கம் இல்ல, பாம்பு நெளியுற மாதிரி இருக்கும், அது மருந்து கூடுறதால வர்றது, ரெண்டையும் பிரிச்சு எழுதுங்க, ஏன்னா ஒண்ணுக்கு மருந்தைக் கூட்டணும், இன்னொண்ணுக்குக் குறைக்கணும்.

நேரத்துல கால் மணி நேரம் தப்பினாலும் சில பேருக்கு அந்த நாளே கெட்டுப்போகும். போன்ல அலாரம் வையுங்க, அம்மா போன், உங்க போன் ரெண்டுலயும். பூசை, ஜெபம், விருந்தாளி, கரண்ட் இல்ல, எதுவா இருந்தாலும் அலாரம் அடிச்சா மாத்திரை. டாக்டரைக் கேட்காம திடீர்னு நிறுத்தவே கூடாது, பெரிய காய்ச்சல் வந்து உடம்பு மரக்கட்டையா இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பாவை ஒரு தடவை வேற ஒரு விஷயத்துக்கு ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ அங்க மாத்திரை குடுக்குற நேரம் எட்டு, ரெண்டு, எட்டு. எங்க நேரத்தை யாரும் கேட்கல, ரெண்டாம் நாள் அவரால எச்சிலே விழுங்க முடியல. அதுக்கப்புறம் ஒரு அட்டையில நேரத்தையும் கூடாத மருந்துகளோட பேரையும் எழுதி லேமினேட் பண்ணி வச்சிருக்கோம், எங்க சேர்த்தாலும் முதல்ல அதைத்தான் சிஸ்டர் கையில குடுக்குறது.

சாப்பாடும் மாத்திரையும்

மீன், முட்டை, பருப்பு, பால் இதுல உள்ள புரதமும் லெவோடோபாவும் உடம்புக்குள்ள போறதுக்கு ஒரே வாசலுக்குப் போட்டி போடும். அதனால சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால வெறும் தண்ணியில மாத்திரை, இல்லன்னா சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு. பால் சாயாவோட போடாதீங்க. ஆரம்பத்துல வாந்தி வர்ற மாதிரி இருந்தா ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுப் போடலாம், டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. இரும்புச்சத்து மாத்திரை இருந்தா ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க.

நம்ம ஊர்ல மத்தியானம் மீன்கறி இல்லாம சோறு இறங்காது. அப்பாவுக்கு மத்தியானம் மீன் சாப்பிட்ட நாள்ல சாயங்காலம் வரை கால் வராதுன்னு நோட்டுல தெளிவாத் தெரிஞ்சுது, டாக்டர்கிட்ட கேட்டு மீனை ராத்திரிக்கு மாத்தினோம். மத்தியானம் சோறு, ரசம், கீரைத் துவரன், தேங்காய்த் துவையல். மீனை நிறுத்தல, அதைத் தப்பா எடுத்துக்காதீங்க, புரதம் இல்லன்னா உடம்பு வத்திப்போகும், நேரத்தைத்தான் மாத்தினது. மருந்து நாள் பூரா நல்லா ஓடுறவங்களுக்கு இந்த மாத்தமே தேவைப்படாது.

மலச்சிக்கலை அலட்சியம் பண்ணாதீங்க, வயிறு நகரலன்னா மாத்திரையும் வயித்துலயே கிடக்கும். தண்ணி, கீரை, நம்ம மட்டி வாழைப்பழம், நடை, இதுலயும் போகலன்னா டாக்டர் மருந்து தருவாங்க.

பூனைக்காலி விதையில இயற்கையாவே லெவோடோபா இருக்கு, சித்த ஆயுர்வேத மருந்துல சேர்ப்பாங்க. நம்ம மாவட்டத்துல வர்ம ஆசான்மாருகிட்ட போறதும் சாதாரணம். போகாதீங்கன்னு சொல்லல, ஆனா இந்த மாத்திரையும் அந்தச் சூரணமும் ரகசியமா சேர்ந்து உள்ள போனா அளவு கூடி உடம்பு ஆடும், பிரஷர் இறங்கும், அதனால ரெண்டு பேருக்கும் ரெண்டையும் சொல்லிடுங்க. எண்ணெய் தேய்ச்சு பைய தடவுறது இறுக்கத்துக்கு இதமா இருக்கும், முறுக்கி இழுக்குறது வேண்டாம்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல்னு வேற மாத்திரை சேர்த்தா ஒண்ணைக் கவனிங்க. சில பேருக்கு அதுல அடக்க முடியாத ஆசை வரும், சூதாட்டம், தேவையில்லாம பொருள் வாங்குறது, தின்னுக்கிட்டே இருக்குறது, தாம்பத்திய ஆசை கூடுறது. நம்ம களியக்காவிளை தாண்டினா கேரளா லாட்டரி கடை, ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட் எடுத்த மனுஷன் பத்து டிக்கெட் எடுக்குறாருன்னா திட்டாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க, மருந்தைக் குறைச்சா சரியாகும். வெக்கப்பட்டு மறைச்சு வீட்டை அடமானம் வச்ச பிறகு சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

வீட்டை மாத்துங்க, ஆளை இல்ல

கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுபோறதுதான் வீட்டுல உள்ளவங்களை ரொம்ப பயமுறுத்தும். வாசல், குறுகலான இடம், திரும்புற இடம், அவசரம், இந்த நாலுலயும் வரும். எங்க வீட்டுல நடைப்படி கொஞ்சம் உயரம், அப்பா அங்க வந்ததும் நின்னுடுவாரு, மேல்பாதி முன்னால போகும், கால் வராது. அந்த நேரத்துல கையைப் பிடிச்சு இழுத்தா கட்டாயம் விழுவாங்க. இழுக்காதீங்க. நில்லுங்க, மூச்சு விடச் சொல்லுங்க, உடம்பை வலம் இடமா ரெண்டு தடவை சாய்க்கச் சொல்லுங்க, அப்புறம் "ஒண்ணு, ரெண்டு, மூணு, பெரிய எட்டா எடுத்து வைங்க"ன்னு சொல்லுங்க. தன்னால வர்ற நடைதான் கெட்டுப்போயிருக்கு, யோசிச்சு வைக்கிற நடை வேற வழியா வரும். அதனாலதான் தரையில கோடு இருந்தா அதைத் தாண்டுறாங்க. மஞ்சள் டேப் வாங்கி படுக்கையில இருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு எட்டு தூரத்துக்கு ஒரு கோடுன்னு ஒட்டினேன், முதல் நாள் அப்பா அந்தக் கோட்டை எல்லாம் ஏணிப்படி ஏறுற மாதிரி மிதிச்சுப் போனதை அம்மா அடுக்களை வாசல்ல நின்னு பார்த்து அழுதுட்டாங்க. டேப் ஓரம் கிளம்பினா உடனே மாத்துங்க, அதுலயே தட்டும்.

திரும்பும்போது நின்ன இடத்துலயே சுழல விடாதீங்க, பஸ் ஸ்டாண்டுல பஸ் திருப்புற மாதிரி அரைவட்டம் போட்டுத் திரும்பணும். நாற்காலியில இருந்து எழும்ப முன்னால நகர்ந்து உக்காந்து, பாதத்தைப் பின்னால இழுத்து, மூக்கு முட்டுக்கு மேல வர்ற அளவுக்குக் குனிஞ்சு எழும்பணும். கை வச்ச கனமான நாற்காலி நல்லது, பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். நடக்கும்போது பேசாதீங்க, கையில டம்ளர் குடுக்காதீங்க.

நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஜூன்லயும் முற்றம் பாசி பிடிக்கும், ஐப்பசியிலயும் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு வையுங்க. பாத்ரூம் வெளியில இருந்தா முதல் காசை அதுக்குச் செலவழிங்க, வீட்டோட சேர்த்து ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், சுவத்துல ரெண்டு கம்பி. ராத்திரி மூத்திரத்துக்குக் கட்டில் பக்கத்துலயே பாட்டில். சாரம், அதான் லுங்கி, காலுல தட்டும், ராத்திரி எலாஸ்டிக் வச்ச பேண்ட்தான் நல்லது. அப்பா கோயிலுக்கு வேட்டிதான் கட்டுவேன்னு ஒரே பிடியா நின்னாரு, ஒட்டிக்கிற மாதிரி உள்ள வேட்டி வாங்கினோம், அது நல்லா வசதி.

எழும்பின உடனே கண்ணு இருட்டி விழுறதும் உண்டு, நோயாலயும் வரும் மருந்தாலயும் வரும். கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து பிறகு எழும்பணும். பிரஷர் மாத்திரை போடுறவங்கன்னா உக்காந்தும் நின்னும் பிரஷர் பார்த்து டாக்டர்கிட்ட சொல்லுங்க.

உடற்பயிற்சி மருந்து மாதிரியே முக்கியம். மாத்திரை வேலை செய்யுற நேரத்துல, கையை நல்லா வீசி, பெரிய எட்டு வச்சு, கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர்றதுக்கு 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு, உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க.

குரல், தொண்டை

குரல் சின்னதாகும், ஆனா அவங்களுக்கு நாம சத்தமாத்தான் பேசுறோம்னு தோணும். தினமும் பேப்பர்ல ஒரு செய்தியை தெருவுல உள்ளவனுக்குக் கேட்குற மாதிரி வாசிக்கச் சொல்லுங்க. டிவியை அணைச்சுட்டுப் பேசுங்க. பதில் வர பத்து செகண்ட் ஆகும், அவங்களுக்குப் பதிலா நீங்க பதில் சொல்லாதீங்க.

விழுங்குறது இன்னும் முக்கியம், சாப்பாடு மூச்சுக்குழல்ல போய் நிமோனியா வர்றது இந்த நோயில பெரிய ஆபத்து. தண்ணி குடிச்ச உடனே இருமல், சாப்பிட்ட பிறகு குரல் களகளன்னு வர்றது, காரணம் தெரியாம அடிக்கடி காய்ச்சல், எடை குறையுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. நேரா உக்காந்து, தாடையை லேசா கீழ இறக்கி, சின்ன வாய். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வறண்டு தொண்டையில நிக்கும், நல்லா மசிச்சு குழம்பு ஊத்திக் குடுங்க. மீன்ல முள்ளை நீங்களே எடுத்துருங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க.

மனசு

சோர்வும் பயமும் நோயைக் கேட்டுப் பயந்ததால மட்டும் வர்றதில்ல, மூளையில உள்ள அதே ரசாயன மாத்தத்தால வர்றது. அப்பாவுக்கு மாத்திரை தீருற நேரத்துல ஒரு வெப்ராளம் வரும், காரணமே இல்லாம நெஞ்சு அடிக்கும், மாத்திரை ஏறினதும் போயிரும். தைரியமா இருங்கன்னு சொன்னா தீராது, வைத்தியம் பார்த்தா குறையும்.

பல வருஷம் ஆனவங்களுக்கு இல்லாத ஆள் தெரியலாம். அப்பா ஒருநாள் முற்றத்துல ரெண்டு சின்னப் பிள்ளைங்க நிக்குது, சாயா குடுன்னாரு. யாரும் இல்லப்பான்னு சண்டை போடாதீங்க, பயப்படுறாங்களான்னு மட்டும் பாருங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, இந்த நோய் ஒரு நாள்ல ரெண்டு நாள்ல திடீர்னு மோசமாகாது. அப்படி ஆச்சுன்னா மூத்திரத்துல கிருமி, நெஞ்சுச்சளி, மலச்சிக்கல், புதுசா சேர்த்த மாத்திரை, இதைத் தேடுங்க. எங்களுக்கு அன்னைக்கு மூத்திரக் கிருமிதான், மருந்து குடுத்த நாலாம் நாள் பிள்ளைங்க போயிருச்சு.

மூளைக்குள்ள கம்பி வச்சு நெஞ்சுல பேட்டரி வைக்கிற டிபிஎஸ் ஆபரேஷன் பத்தி யாராவது சொல்லுவாங்க. அது எல்லாருக்கும் இல்ல, லெவோடோபா நல்லா கேட்குது, ஆனா ஏத்தமும் இறக்கமும் தாங்க முடியலங்கிறவங்களுக்கு, ஞாபகம் நல்லா இருக்கிறவங்களுக்கு. மாத்திரையில சரியாகாத தடுமாற்றமும் பேச்சும் பொதுவா அதுலயும் சரியாகாது.

பேப்பர் வேலை

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பார்க்கின்சனும் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கு ஆன்லைன்ல பதிஞ்சு, டாக்டர் பார்த்து சதவீதம் போடுவாங்க, 40ஓ அதுக்கு மேலயோ வந்தா சலுகைகளுக்கு வழி உண்டு. தமிழ்நாடு அரசோட மாச பராமரிப்பு உதவித்தொகையில பார்க்கின்சனுக்குன்னு தனியா பிரிவு இருக்கு, 2023 ஜனவரியில அதை மாசம் 2000 ரூபாயா ஆக்கினாங்க. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. சதவீதம் பார்க்கப் போற அன்னைக்கு அந்த நோட்டையும் கொண்டுபோங்க, மாத்திரை ஏறின நேரத்துல மட்டும் பார்த்தா அவங்களுக்கு நிலைமை முழுசாத் தெரியாது.

பார்த்துக்குறவங்க

அம்மாவுக்கு முதல் மூணு வருஷத்துல இடுப்பு போச்சு, தூக்கம் போச்சு, கோயில் பெண்கள் கூட்டத்துக்குப் போறது நின்னுச்சு. இப்ப சனிக்கிழமை மத்தியானம் அவங்க சித்தி வீட்டுக்குப் போவாங்க, நான் இருப்பேன், அந்த நேரம் அவங்களுக்குப் போன் பண்ண மாட்டேன். உங்க வீட்டுலயும் ஒரே ஆள் மேல எல்லாத்தையும் வைக்காதீங்க. வெளியூர்ல இருக்குற பிள்ளைங்க காசு அனுப்புறதோட நிக்காம ஒரு வேலையைக் கையில எடுக்கணும், மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போது வாங்க ஏற்பாடு பண்றது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுறது, இப்படி. எல்லா வேலையையும் நோயாளிக்கு நாமளே செஞ்சு குடுக்கவும் வேண்டாம். அப்பா சட்டை பட்டன் போட பன்னிரண்டு நிமிஷம் ஆகும், நாங்க பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே கிளம்புறோம்.

அண்ணன் துபாய்ல மத்தியான சாப்பாட்டு நேரம் ஒரு மணிக்குக் கூப்பிடுவான், இங்க அப்ப ரெண்டரை, அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்த நேரம், குரலே வராது, அண்ணன் ஹலோ ஹலோன்னு கத்திட்டு என்கிட்ட குடுக்கச் சொல்லுவான், அப்பா போனை நீட்டிட்டு முகத்தைத் திருப்பிக்குவாரு. பல மாசம் அப்படியே போச்சு. நோட்டைப் பார்த்துட்டு ஒருநாள் அண்ணன்கிட்ட நேரத்தை மாத்தச் சொன்னேன். இப்ப அவன் அங்க ரெண்டரைக்குக் கூப்பிடுறான், இங்க நாலு மணி, மூணு மணி மாத்திரை ஏறியிருக்கும். அப்பா போனைத் தன் கையாலயே பிடிச்சுக்கிட்டு முற்றத்துக்குப் போய், அங்க வெயில் எப்படி, சாப்பிட்டியான்னு கேட்டு இருபது நிமிஷம் பேசுறாரு.